ஜாரெல் சட்டம்

ஜாரெல் செத்தது சாயங்காலம் நாலு மணிக்கு. பள்ளிக்கூடம் விட்டு வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். யாரையோ குறிவைத்துச் சுட்ட குண்டு அவன் மேல் பாய்ந்தது. நல்ல வெயில் நேரம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் கார்வெல் நகர மன்றம் அவன் பெயரில் போட்ட சட்டம், பதினெட்டு வயது ஆகாதவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் தெருவில் நிற்கக் கூடாது என்பது.

பட்டப்பகலில் செத்த பையனுக்கு ராத்திரிச் சட்டம்! ஓஹையோ மாநிலத்தில் எங்கள் பக்கம் இது வழக்கம்தான். ஒரு பிள்ளை செத்தால், அதன் பெயரை ஏதாவது ஒரு சட்டத்தில் ஒட்டி, தாயை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டால்தான் பெரிய மனிதர்களுக்கு மனசு ஆறும். சட்டம் போட்ட அன்றைக்கே மன்றத்தில் ஒரு வாத்தியார் எழுந்து, இந்தச் சட்டம் அந்தப் பையனை எப்படிக் காப்பாற்றியிருக்கும் என்று கேட்டார். தாய் வெர்லீன் அவரைக் கத்தியே உட்கார வைத்தாள். அவளுக்கு வேண்டியது விடை இல்லை, பெயர். ஊர் எல்லையில் நட்ட பலகையில் மகன் பெயரைப் பார்த்த அன்றுதான், அவன் செத்த பிறகு முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

இரண்டு வருடம் ஓடியது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஜாரெல் என்றால் போலீஸ் வண்டி. "டேய், ஜாரெல் வருது, ஓடு!" என்பார்கள். பிடிபட்டவனைப் பார்த்து, "ஜாரெல் கடிச்சிருச்சா?" என்று சிரிப்பார்கள். வெர்லீன் காதில் விழும். விழாத மாதிரி நடந்துவிடுவாள். ஆனால் அவள் மகள் டெவோனாவால் அப்படி நடந்துவிட முடியவில்லை. அவளும் அதே பள்ளிக்கூடத்தில் படிப்பவள்.

டெவோனாவுக்குப் பதினாறு வயது. கோழி வறுக்கும் கடையில் மாலை வேலை. வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வரலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பஸ் தவறிப்போய் பெட்ரோல் பங்கில் ஒதுங்கி நின்றால் அது நேராக வருவது ஆகாதாம். முதல் தடவை பிடிபட்டது அப்படித்தான். அடுத்தது, கூட வேலை செய்யும் பெண்ணை அவள் வீட்டில் விட்டுவிட்டு வந்தபோது. மூன்றாவது தடவை சொந்த வீட்டு வாசலில். காலையில் குப்பை வண்டி வரும் என்று ராத்திரி பத்து மணிக்கு மேல் பையைத் தெரு ஓரத்தில் வைக்க வந்தவளைக் கையில் விலங்கு மாட்டி வண்டியில் ஏற்றினார்கள். "உங்க அண்ணன் பேர்ல இருக்கிற சட்டத்தை நீயே மதிக்கலன்னா வேற எவன் மதிப்பான்?" என்றார் அந்தப் போலீஸ்காரர். நல்ல நகைச்சுவை உணர்ச்சி உள்ளவர்.

மூன்றாவது தடவை என்றால் சிறுவர் காவல் இல்லம். ஒரு மாதம். வழக்கு திங்கட்கிழமை. அதற்கு முன் வெள்ளிக்கிழமை மாலை, சட்டத்தை நீட்டிப்பதா விடுவதா என்று மன்றம் கூடியது. விட்டுவிட்டால் நிலுவையில் உள்ள வழக்குகளும் அதோடு போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள்.

மன்றத்து வாசலில் காரை நிறுத்தியதும் டெவோனா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நீ ஒண்ணும் சட்டத்த எதிர்த்துப் பேச வேணாம். சும்மா உக்காந்திரு. அது போதும்."

"நான் என்னத்தடி பேசப்போறேன்?"

"சத்தியமா?"

"சத்தியமா. உன்ன விட எனக்கு யாருடி இருக்கா?"

அப்படிச் சொன்னபோது வெர்லீன் மனசாரத்தான் சொன்னாள். அதில் பொய் இல்லை.

உள்ளே போலீஸ் தலைவரே கையை விரித்தார். ராத்திரிக் குற்றம் குறையவில்லை, பள்ளிக்கூடம் விடும் நேரத்துச் சண்டை கூடியிருக்கிறது, ஆட்களையெல்லாம் ராத்திரிக்குப் போட்டுவிட்டதால் பகலுக்கு ஆள் இல்லை என்றார். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். காரியம் கைகூடியது மாதிரிதான். டெவோனா தாயின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

வாக்னர் என்ற உறுப்பினர் அதோடு வாயை மூடியிருக்கலாம். "அப்போ இந்த ஜாரெலத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு அடுத்த வேலையப் பாப்போம்" என்றார். அவர் சட்டத்தைத்தான் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அரங்கத்தில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

வெர்லீன் எழுந்தாள்.

"அம்மா," என்று டெவோனா அவள் சட்டையைப் பிடித்தாள். "அம்மா, உக்காரு. எனக்காக உக்காரும்மா."

மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வெர்லீன் ஒலிபெருக்கிக்குப் போனாள். "என் பிள்ளையவா குப்பையில போடப்போறீங்க?" என்று தொடங்கினாள். மகனின் ரத்தம் தோய்ந்த காலணியைச் சொன்னாள், சவப்பெட்டியை மூடியதைச் சொன்னாள். பேச்சு நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது. அழுகிற தாயை நிறுத்த யாருக்கு வாய் வரும்? முதலில் கண்ணைத் துடைத்தவர் வாக்னர்தான். அடுத்த வருடம் தேர்தல். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் சட்டம் நீட்டிக்கப்பட்டது. எல்லோரும் வந்து வெர்லீனைக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் திரும்பிப் பார்த்தபோது மகளின் நாற்காலி காலியாக இருந்தது.

திங்கட்கிழமை நீதிபதி சலுகை காட்ட மறுத்துவிட்டார். "உங்க பேச்சப் பேப்பர்ல படிச்சேம்மா. உங்க பொண்ணுன்னு விட்டா ஊரு சிரிக்கும்" என்றார். வெர்லீன் பேசியதைத்தான் அவர் அவளுக்கே திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காவல் இல்லத்தில் பார்வை நேரம். நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் டெவோனா ஊதா நிறச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். வெர்லீன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள், தூக்கத்தைப் பற்றிக் கேட்டாள். டெவோனா மேசை விளிம்பையே சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அதே ஊதாச் சட்டையில் தன் அப்பா பார்க்க வருவதற்காகக் காத்திருந்த ஒரு பெண், பொழுது போகாமல் இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"உனக்கும் ஜாரெல் கேஸா? அந்தச் செத்த பையன் உனக்கு அண்ணனாமே, நெசமா?"

டெவோனா தாயின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே வந்ததிலிருந்து இப்போதுதான் பார்த்தாள்.

"எனக்கு அண்ணனே கெடையாது," என்றாள். "எங்கம்மாவுக்கு ஒரே பிள்ளதான். அது நான் இல்ல."