ஜப்பானை ஜெயித்த ஊர்

மணியக்காரர் தாண்டவராயனுக்கு அன்று காலையில் தலைகால் புரியவில்லை. சாவடியில் எதிரே உட்கார்ந்திருந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் வேதகிரி, ஊரின் சாவுப் பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"மூணு வருஷத்துல பதினோரு சாவு. எல்லாம் கிழவன் கிழவி. கூட்டி வகுத்தா ஆளுக்கு எழுபத்து நாலு வயசு வருது. சுவீடன்ல எழுபத்தஞ்சு, ஜப்பான்ல எழுபத்து மூணு. நம்ம தேசத்துக்கே ஐம்பதுதான் போட்டிருக்கான்!"

"அப்ப ஜப்பான்காரனயே ஜெயிச்சிட்டோம்னு சொல்லுங்க!" என்று தொடையைத் தட்டினார் தாண்டவராயன்.

வேதகிரி சிரிக்கவில்லை. காவாந்தண்டலத்துக்கும் பக்கத்து ஊருக்கும் சேர்த்து அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில், ஒரே ஒரு நர்ஸம்மாவைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். இந்த ஊரா, பக்கத்து ஊரா என்று அந்த மாசத்துக்குள் எழுதி அனுப்பியாக வேண்டும்.

"பக்கத்து ஊர்ல ஒரே வருஷத்துல ஒம்பது பச்சைக் குழந்தைங்க செத்திருக்கு. இங்க ஒண்ணுகூட இல்ல. நர்ஸ் அங்கதான் போகணும்."

"தாராளமா குடுங்க. எங்க ஊரு தண்ணி அப்படி!" என்றார் தாண்டவராயன். கொழுப்புதான், வேறென்ன!

வேதகிரி பேனாவைத் திறக்கும்போது, மணியக்காரரின் மனைவி செல்லம்மாள் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஞானசுந்தரிக்கு ஆண் குழந்தை பிறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

"இன்னாங்க, கொயந்த வாயத் தொறக்க மாட்டேங்குது! பாலு எறங்கல. தொட்டா ஒடம்பு வெறச்சிக்கினு வளையுதுங்க!"

வேதகிரி எழுந்து மணியக்காரர் வீட்டுக்கு ஓடினார். குழந்தையின் தாடையைத் தொட்டதுமே அவர் முகம் வெளுத்தது. "தொப்புள் கொடிய எதால அறுத்தீங்க?"

"கதிரறுக்கற கருக்கருவாளாலதான். சாணியச் சுட்டு சாம்பல் வெச்சிக் கட்டினேன். எப்பவும் அப்படித்தானே?" என்றாள் செல்லம்மாள்.

"தனுர்வாதம்மா இது! அந்த அருவாளும் சாணியும் ஏத்தின விஷம்! என் ஜீப்புல ஏத்துங்க, உடனே!" என்று கத்தியவர், மணியக்காரர் பக்கம் திரும்பினார். "இதுக்கு முன்னால இந்த ஊர்ல இப்படிக் குழந்தைங்க போயிருக்கா?"

பக்கத்துக் களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த கூலிக்காரி ஜெயம்மாள்தான் பதில் சொன்னாள். "எனக்கு ரெண்டு போச்சிங்க. ரெண்டும் ஏயாம் நாளு."

"பதிவேட்டுல காணோமே!"

"பதினோராம் நாள்தாங்க பேர் வெப்போம்," என்றார் மணியக்காரர். "பதிவேட்டுல முதல் கட்டத்துலயே பேர் எழுதணும். பேரே இல்லாத கொயந்தய எந்தப் பேர்ல எழுதறது? அதனால விட்டுட்டேன்."

"அடப்பாவி மனுஷா! தேசத்துக்கு ஐம்பதுன்னா எல்லாரும் ஐம்பதுல சாவறான்னா அர்த்தம்? எண்பது வயசுக் கிழவரோட ஏழு நாள் குழந்தையையும் சேர்த்துக் கூட்டறதால வர்ற ஐம்பதுய்யா அது. சுவீடன்காரன் மட்டும் சாகாவரமா வாங்கியிருக்கான்? அவன் பச்சைக் குழந்தையைச் சாவ விடறதில்ல!"

ஜீப் காஞ்சிபுரத்துக்குப் பறந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் குழந்தை விறைத்தது. "நைனா, சீக்கிரம் போவச் சொல்லு நைனா!" என்று ஞானசுந்தரி கதறினாள். தாண்டவராயன் டிரைவரின் தோளை விடவேயில்லை. பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்த அந்த உயிர், நான்காம் நாள் காலையில் அடங்கிவிட்டது. பாவம், அந்தப் பெண்ணுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

ஊர் திரும்பிய மணியக்காரர் வீட்டில் முடங்கவில்லை. பதிவேட்டை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார். அதுவரை மிதிக்காத காலனிக்குள்ளும் நுழைந்து, கதவு கதவாகக் கேட்டார். மூன்று வருஷத்தில் அவர் பேரனோடு சேர்த்துப் பத்தொன்பது குழந்தைகள். மறுபடி கூட்டி வகுத்ததில் ஊரின் சராசரி வயது இருபத்தேழுக்கு இறங்கியது.

மறுநாள் சாவடியில் ஊர் கூடியிருக்க, வேதகிரியின் முன்னால் பத்தொன்பதையும், பெற்றவள் பேரைச் சொல்லி ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்கக் கூட்டத்தில் எங்கெங்கோ விம்மல் எழுந்தது. "ரெண்டு ஊருக்கும் தனித்தனி நர்ஸ் வேணும்னு எழுதறேன். குடுக்காம விடமாட்டேன்," என்றார் வேதகிரி.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஜெயம்மாள் கேட்டாள்: "உங்க வூட்டுது போனப்புறம்தான் எங்களுதும் கொயந்தன்னு தெரிஞ்சிச்சா சாமி?"

தாண்டவராயன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா. தப்பு என்னுதுதான். நான் எழுதாததால சாவு நிக்கல, வைத்தியம் வர்றதுதான் நின்னு போச்சு. ஒரு நாள் இருந்தாலும் அது ஒரு உசுரு. அந்தச் சாவ மறைச்சா, அடுத்த கொயந்தையயும் நாமளே கொல்றோம்."