தால்கா ஆற்றின் நடுக்கோடு

ஜூலை முதல் தேதி பிறந்துவிட்டால் எங்கள் மாவட்டத்தில் ஊராட்சிச் செயலாளர்களுக்கு உட்கார நேரமிருக்காது. பதினைந்து நாளுக்குள் ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி இறங்கி, வீட்டில் எத்தனை பேர், எத்தனை பசு, எத்தனை பன்றி, எத்தனை தேன்பெட்டி என்று கேட்டு வீட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வீட்டுக்கு ஒரு பக்கம். ஒசினோவ்கா ஊராட்சியில் இருபத்தாறு வருடமாக அதைச் செய்பவள் நான், தயீஸியா யெகோரவ்னா. என் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் காட்டுங்கள், பார்க்கலாம்.

அந்த வருடம் அது வெறும் கணக்கெடுப்பு இல்லை. தால்கா ஆற்றுக்கு மேற்கே ஒசினோவ்கா, கிழக்கே லுகாச்சி. இரண்டு ஊராட்சிகளையும் ஒன்றாக இணைக்கப் போவதாக மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அந்த ஊர்தான் தலைமை. அலுவலகம், முத்திரை, தபால் நிலையம், நர்ஸ் எல்லாம் அங்கே. மற்ற ஊரில் கதவுக்குப் பூட்டு. எங்கள் தலைவர் முந்தின இலையுதிர் காலத்திலேயே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். எப்படியும் இணைக்கத்தானே போகிறார்கள் என்று அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. ஆக, ஒசினோவ்கா ஊராட்சி என்றால் நான், ஒரு இரும்பு அலமாரி, ஒரு முத்திரை. அவ்வளவுதான்.

லுகாச்சியின் தலைவர் ரிம்மா அர்காத்யெவ்னா. ஏழாம் வகுப்பில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. அந்த வருடம் நான் எங்கள் மாவட்டத்தின் வரைபடம் ஒன்று வரைந்தேன். ஒவ்வொரு ஓடையும், ஒவ்வொரு மேய்ச்சல் நிலமும் அளவு பிசகாமல். ரிம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து வரைந்தாள். ஆனால் அவளிடம் நீல மசி இருந்தது, என்னிடம் பென்சில். சுவரில் மாட்டியது அவளுடையதை.

அன்றிலிருந்து இப்படித்தான். தார்ச்சாலை லுகாச்சியோடு நின்றது. எரிவாயுக் குழாய் லுகாச்சியோடு நின்றது. பேருந்து லுகாச்சியில் ஒரு வட்டமடித்துத் திரும்பிவிடும். எங்கள் ஊருக்குப் போக வேண்டியவர்கள் பாலம் தாண்டி நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான் மாவட்டத்துக்குக் கடிதம் எழுதினேன், எண் போட்டு, நகல் எடுத்து. ரிம்மா ஒரு கடிதமும் எழுத மாட்டாள். தொலைபேசியை எடுத்துச் சிரிப்பாள். அது வந்துவிடும். அவளுடைய பதிவேட்டைத் திறந்தால் சூரியகாந்தி விதைத் தோல் உதிரும். எனக்கு வயிறு எரிந்ததா என்றால், எரிந்தது. மறைப்பானேன்.

இந்த முறை கணக்கு என் பக்கம் இருந்தது. எங்களிடம் நானூற்றுப் பதினெட்டு, லுகாச்சியில் நானூற்றுப் பதினொன்று. ஏழு பேர் வித்தியாசம். இரவில் படுக்கும்போது அந்த ஏழு பேரையும் பேர் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

கமிஷிக்குக் கடைசியாகப் போனேன். எங்கள் ஊராட்சியைச் சேர்ந்த சின்னக் குடியிருப்பு அது, ஆறு வீடு, பதின்மூன்று பேர். தால்கா அதைக் கிழக்கே சுற்றிக்கொண்டு வளைந்து ஓடும். ஓடும் என்றா சொன்னேன், அந்த வசந்தம் வரை ஓடியது. பனி உருகி வந்த வெள்ளம் வளைவின் கழுத்தை அறுத்துக்கொண்டு நேராகப் பாய்ந்துவிட்டது. எங்கள் பக்கத்திலிருந்து கமிஷிக்குப் போகும் வழியில் இருந்த சின்ன மரப்பாலமும் போனது. கமிஷிக்கு முன்னால் புது ஆறு, பின்னால் நாணல் குட்டையாகிப்போன பழைய தடம்.

தேனீ வளர்க்கும் ஸவ்வாதி படகில் வந்து என்னை ஏற்றிக்கொண்டான். வீட்டில் அவன் மனைவி மவ்ரா, ரொட்டியைப் புளிக்கவைத்த குளிர்ந்த க்வாஸ் பானத்தில் வெள்ளரியும் முட்டையும் போட்ட சூப்பை முன்னால் வைத்தாள். நான் பதிவேட்டைத் திறந்தேன்.

"பக்கம் பத்தொன்பது. ஆள் ரெண்டு. பசு?"

"ஒண்ணுதான். நேத்து சொன்னதுதானே" என்றாள் மவ்ரா.

"நேத்தா? நேத்து நான் எங்க வந்தேன்?"

"நீங்க வரலை யெகோரவ்னா. ரிம்மா வந்தாங்க."

என் பேனா நின்றது.

"ரிம்மாவுக்கு இங்க என்ன வேலை?"

ஸவ்வாதி தலையைச் சொறிந்தான். "எண்ணிட்டுப் போனாங்க. ஏப்ரல்லேர்ந்து ரொட்டி வண்டி லுகாச்சிலேர்ந்துதான் வருது பாருங்க. குட்டையில மண்ணக் கொட்டி அவங்கதான் வழி போட்டாங்க. மவ்ராவுக்கு நெஞ்சு வலி வந்தப்போ டிராக்டர்ல வந்து ரிம்மாவே தூக்கிட்டுப் போனாங்க."

"அப்பவே எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லி? நீங்க ஒரு கடுதாசி எழுதியிருப்பீங்க" என்றாள் மவ்ரா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சூப்பை இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் அதிகமாக வலித்தது.

"அவ கேட்டா எண்ணக் குடுத்துர்றதா? நீங்க எங்க ஆளுங்க."

"எங்க எண்ணினா என்னங்க, தேனீ அதே தேனீதான்" என்று ஸவ்வாதி சிரித்தான்.

அன்று மாலையே மாவட்டத்துக்குக் கடிதம் எழுதினேன். லுகாச்சித் தலைவர் அந்நிய ஊராட்சியின் குடிமக்களைத் தன் பதிவேட்டில் ஏற்றியுள்ளார், நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன் என்று மூன்று பக்கம். இணைப்பாக 1974-ஆம் வருட வரைபடத்தின் நகல். அதில் கமிஷி எங்கள் கரையில் இருப்பது சிவப்புக் கோடிட்டு. கமிஷியைச் சேர்த்து ரிம்மா தன் எண்ணிக்கையை நானூற்றிருபத்து நாலாக ஆக்கியிருந்தாள். பதின்மூன்று பேர் இரண்டு பதிவேட்டில் இருந்தார்கள். தலைமை ஊர் எது என்பது அந்தப் பதின்மூன்று பேரின் கையில்.

பதில் பத்து நாளில் வந்தது. மாவட்டத் துணைத் தலைவர் கொர்னேயெவ் நேரில் வருகிறார். எல்லை தொடர்பான எல்லாக் காகிதங்களையும் இரு ஊராட்சிகளும் கொண்டுவர வேண்டும். மாவட்ட ஆவணக் காப்பறையில் குழாய் வெடித்து எல்லைக் கோப்புகள் கூழாகிவிட்டன, ஆகவே ஊராட்சிகளிடம் உள்ளதே ஆதாரம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காகிதம் என்றால் என்னை யார் ஜெயிக்க முடியும்? அலமாரியைத் திறந்து 'எல்லை' என்று எழுதிய கோப்பை எடுத்தேன். வருடவாரியாகப் புரட்டிக்கொண்டே வந்தவள், நான்கு வருடத்துக்கு முந்தைய என் சொந்தக் கடிதம் ஒன்றில் நின்றேன். எண் நாற்பத்தேழு.

நினைவு வந்தது. அந்த வருட வெள்ளத்தில் ஆறு கீழ்ப்பக்கம் கிழக்கே கொஞ்சம் நகர்ந்து, லுகாச்சியின் தீவனப் புல்வெளியில் எட்டு ஹெக்டேர் எங்கள் கரைக்கு வந்துவிட்டது. நல்ல புல்வெளி, மார்பளவு புல். ரிம்மாவிடமிருந்து ஒன்றையாவது பறிக்க ஒரு வழி கிடைத்ததே என்று நான் விடவில்லை. எழுதியிருந்தேன்: 'இரு ஊராட்சிகளுக்கும் எல்லை தால்கா ஆற்றின் நடுக்கோடு. வரைபடம் காகிதம், ஆறு உண்மை. ஆறு எங்கு போகிறதோ எல்லையும் அங்கு போக வேண்டும்.' அடியில் ஊசி குத்தி மாவட்டத்தின் தீர்மானம்: ஏற்கப்பட்டது, இனி எப்போதும் அவ்வாறே. புல்வெளி எங்களுக்கு வந்தது. நான் ஒரு வாரம் பாடிக்கொண்டே திரிந்தேன்.

இப்போது ஆறு கமிஷிக்கு மேற்கே, எங்கள் பக்கம் போகிறது. என் எழுத்துப்படியே கமிஷி ரிம்மாவுடையது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். தீர்மானத்தின் ஒரு நகல் லுகாச்சிக்கும் போயிருக்கும். ஆனால் ரிம்மா வந்த காகிதத்தில் மீன் மடிப்பவள், எப்போதோ தொலைத்திருப்பாள். மாவட்டத்தில் இருந்தது கூழாகிவிட்டது. உலகத்திலேயே அந்தக் காகிதம் என்னிடம் மட்டும்தான். அடுப்பு இரண்டடி தூரத்தில் இருந்தது. ஜூலை மாதத்தில் அடுப்பு எரியாது, அதனால் தப்பியது என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

எரிக்கவில்லை. கோப்பிலிருந்து கழற்றி, பைக்குள் வேறாக வைத்துக்கொண்டேன். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் புதிய ஆற்றங்கரையில், லுகாச்சிப் பக்கத்தில் கூடினோம். கொர்னேயெவ் பளபளக்கும் காலணியோடு சேற்றில் நின்றார். ரிம்மா மேசை, விரிப்பு, வெந்தயக்கீரை மணக்கும் புது உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் வைத்த ரொட்டி என்று ஏற்பாடு செய்திருந்தாள். என் மனசு கடுத்தது. எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

"வாடி தாஸ்யா! மூட்டையத் தூக்கிட்டு வந்துட்டியா? அலமாரிய விட்டுட்டு வந்திருக்க, அது அழாதா?" என்றாள் ரிம்மா, பள்ளிக்காலச் செல்லப்பேரைச் சொல்லி.

"உன்கிட்ட தூக்க ஒண்ணும் இல்லைன்னா மத்தவங்க தூக்குறது சிரிப்பாத்தான் இருக்கும்."

"ஒரு ரொட்டி சாப்பிடு, கோபம் எறங்கும்."

"நான் சாப்பிட்டாச்சு." சாப்பிடவில்லை.

கொர்னேயெவ் என் வரைபடத்தைப் பார்த்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். தலையசைத்தார். "தெளிவா இருக்கு. கமிஷி ஒசினோவ்காவுக்குள்ள. இதுக்குப் பிறகு எல்லைய மாத்தி ஏதாவது உத்தரவு வந்திருக்கா?"

நான் பையைப் பிடித்துக்கொண்டேன். ரிம்மா என்ன சொல்வாளோ என்று அவளையே பார்த்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு சாவதானமாகச் சொன்னாள்: "அதை எங்கிட்ட கேக்காதீங்க. இந்த மாவட்டத்துல ஒரு காகிதம் இருக்கா இல்லையான்னா, தயீஸியா யெகோரவ்னா சொல்றதுதான் சட்டம். இருபத்தாறு வருஷத்துல அவ தப்பா ஒரு எண் எழுதினதில்ல. ஒண்ணும் இல்லைன்னு அவ சொன்னா நான் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடுறேன். ஆளுங்கள அவளே வச்சுக்கட்டும். ரொட்டி வண்டிய நான் எப்பவும் போல அனுப்புறேன்."

கொர்னேயெவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, இதுதான் பெரிய மனசு!" என்றார் ஓட்டுநரைப் பார்த்து. படகோடு நின்ற ஸவ்வாதி தொப்பியைக் கழற்றினான். மவ்ரா கண்ணைத் துடைத்தாள்.

ஏழாம் வகுப்பின் சுவர் எனக்குத் தெரிந்தது. இதையும் அவளே கொண்டுபோகிறாள். ஊர், ஆள், முத்திரை எல்லாம் எனக்கு. பெரிய மனசு மட்டும் அவளுக்கு. ஆயுள் முழுக்க கமிஷியில் சொல்வார்கள்: ரிம்மா விட்டுக்கொடுத்தாங்க. நான் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பேன், அவள் போட்ட பிச்சையில்.

என் கை பைக்குள் போனது.

"இருக்கு" என்றேன். "நாலு வருஷத்துக்கு முந்தின தீர்மானம். நான் எழுதிக் கேட்டு வந்தது. கடிதம் எண் நாற்பத்தேழு."

கொர்னேயெவ் படித்தார். ஆற்றைப் பார்த்தார். மறுபடி படித்தார். "அப்படின்னா கமிஷி லுகாச்சிக்குப் போயிடுதே, யெகோரவ்னா! உங்க அலுவலகமே போயிடும். புரிஞ்சுதான் குடுக்குறீங்களா?"

"படிக்கத் தெரியும் எனக்கு."

ரிம்மாவைப் பார்த்தேன். அவள் திகைக்க வேண்டும், வெட்கப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு ரொட்டியை எடுத்து என் கையில் திணித்தாள். இந்த முறை சாப்பிட்டுவிட்டேன். பசி.

செப்டம்பரில் ஒசினோவ்கா அலுவலகத்துக்குப் பூட்டு விழுந்தது. ரிம்மா என்னைச் செயலாளராகக் கேட்டாள். வேறு போக்கிடம் இல்லை, ஒப்புக்கொண்டேன். பதிவேடுகளை நூல் கோத்து, முத்திரை வைத்து, டிராக்டர் வண்டியில் ஏற்றி லுகாச்சிக்குக் கொண்டுபோனேன். ஜன்னலோர மேசையை எனக்கு ஒழித்துவைத்திருந்தாள். இழுப்பறையைத் திறந்தேன். விதைத் தோலைத் தட்டிவிட்டால், அடியில் ஒரே ஒரு காகிதம், மடிப்பு விழாமல்.

தீர்மானம். லுகாச்சியின் நகல்.

"இது உங்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சே."

"அன்னிக்கு ஏன் எடுக்கல?"

ரிம்மா ஒரு விதையைக் கடித்துத் தோலைத் துப்பினாள். "நான் எடுத்திருந்தா நீ தலைநகர் வரைக்கும் கடுதாசி போட்டிருப்ப. பத்து வருஷம் என் உயிர எடுத்திருப்ப. நீயே எடுத்தா முடிஞ்சுபோச்சு பாரு."

"நான் எடுக்கலைன்னா?"

"எடுக்காம இருப்பியா? நாலு பேர் முன்னால எனக்கு ஒரு நல்ல பேர் வந்தா உனக்குப் பொறுக்குமா? உன் பக்கத்துல உக்காந்து படிச்சவடி நான்."

என் வரைபடத்தைப் பார்த்து வரைந்தவள், இத்தனை வருடம் என்னையும் பார்த்துப் படித்திருக்கிறாள்.

அன்று பிற்பகலே புதிய ஊராட்சியின் முதல் கடிதத்தை எழுதினேன். எண் ஒன்று. பேருந்து இனி லுகாச்சியில் திரும்பாமல், பாலம் தாண்டி ஒசினோவ்கா வரை வரவேண்டும், காரணங்கள் பின்வருமாறு. இரண்டு பக்கம். கையெழுத்துக்காக அவள் முன் வைத்தேன். ஒரு வரி படிக்கவில்லை. பேனாவை எடுத்தாள், ஒரே இழுப்பில் போட்டாள்.

நீல மசி. என்னுடையது கறுப்பு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவளுடையதுதான் எடுப்பாக இருந்தது.