வாய் திறக்காத செவிலியர்

அந்தச் செவிலியர் முதன்முறையாக எங்கள் வீட்டுப் படியேறியபோது முன்னறையில் இருந்தவர்கள் நான், என் மனைவி, மருமகள், அழைக்காமலே வந்து உட்கார்ந்திருந்த என் மனைவியின் தம்பி ஆகிய நால்வர் மட்டும். மகன் மாடியில் இருந்தான். அவன் நடப்பது எங்கள் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் வரை போவான், திரும்புவான், மறுபடியும் போவான்.

என் தகப்பனார் ரயில் ஓட்டினார், நான் ஓட்டினேன், மகனும் ஓட்டினான். மழைக்காலத் தொடக்கத்தில் அவன் வண்டிக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார். ரயிலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து அவனால் உட்கார முடியவில்லை. தட்டைக் கையில் ஏந்தி, நடந்தபடியே சாப்பிட்டான். தூக்கம்கூடச் சுவரில் சாய்ந்துதான்.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதினார். "இது தூக்கத்துக்கு மட்டும்தான். இவரோட இருந்து பேச ஆள் வேணும். மனநலத்துல தனியாப் படிச்ச செவிலியர்கள் இருக்காங்க, வீட்டுக்கே வருவாங்க. தேடிப் பாருங்க" என்றார்.

எங்கே தேடுவது? ஒருவரிடம் கேட்டால், எதற்கு என்று அவர் கேட்பார். எங்கள் வீட்டைப் பற்றி அதுவரை யாரும் குரலைத் தாழ்த்திப் பேசியதில்லை. என் மைத்துனனிடம் மூச்சு விட முடியாது. அவனுக்கு ஊர் வைத்த பெயரே ரேடியோ. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மருமகள்தான் என்னைக் கேட்காமலே விசாரித்து, ஒருவர் பின் ஒருவராக வரவழைத்தாள்.

வந்தவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "எதிர் வீட்டு வக்கீல் சம்சாரத்துக்கும் நீங்கதான் பாக்குறீங்களாமே?"

முதலாமவர், "அந்தம்மாவா? இப்ப எவ்வளவோ தேவலை" என்றார். இரண்டாமவர், "அங்க போகல. ஆனா நீதிபதி தம்பிக்கு நான்தான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இருவரையும் மரியாதை குறையாமல் வழியனுப்பினேன். அடுத்த வீட்டு விஷயத்தை என் நாற்காலியில் உட்கார்ந்து சொல்பவர், என் வீட்டு விஷயத்தை யார் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வாரோ?

மருமகளின் குரல் உயர்ந்தது அன்றுதான். "நீங்க ஆளை விரட்டிக்கிட்டே இருங்க மாமா. அவரு மேல நடந்துக்கிட்டே இருக்கட்டும்."

மூன்றாவதாக வந்தவர் இவர். ஐம்பதைத் தொட்ட பெண்மணி, கையில் ஹெல்மெட். அதே கேள்வியைக் கேட்டேன்.

"நான் உங்க வீட்டுக்கு வந்திருக்கேன் ஐயா."

"ஊருக்கே தெரிஞ்சதுதானே, சும்மா சொல்லுங்க."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

ரேடியோவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அத்தான், நீங்க குடைஞ்ச குடைச்சலுக்குக் கல்லுளிமங்கன்கூடக் கக்கியிருப்பான். இந்தம்மா அசையலையே!"

யாராவது கேட்டால் இன்சூரன்ஸ் விஷயமாக வந்ததாகச் சொல்லும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன். "ஒண்ணும் சொல்ல மாட்டேன். பொய்யும் சொல்ல மாட்டேன்" என்றார். இவர்தான் என்று முடிவு செய்தேன்.

மாடிக் கதவு சாத்தப்பட்டது. பேச்சுக் குரல் வருமென்று காத்திருந்தேன். செய்தித்தாளை மடித்தேன், விரித்தேன். மேலே நடை நிற்கவில்லை. சற்று நேரத்தில் இன்னொரு காலடியும் அதோடு சேர்ந்துகொண்டது.

"என்னங்க, அவங்களும் நடக்குறாங்களா?" என்றாள் என் மனைவி.

வாரங்கள் போயின. மகன் படுத்துத் தூங்க ஆரம்பித்தான். ஆனால் மறுபடி வண்டி எடுப்பானா? எனக்கு வேண்டிய பதில் அது ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் மாடிப்படிக்குக் கீழே நின்று செவிலியரை மறித்தேன்.

"வண்டியைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

"அவர்கிட்டயே கேளுங்க ஐயா."

"நான் அவனைப் பெத்தவன்மா."

"அதனாலதான் சொல்றேன்."

பார்த்துப் பார்த்து நான் வாங்கிய பூட்டு, என்னையே வெளியில் வைத்துப் பூட்டிக்கொண்டது.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. மாடிக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். "எனக்கும் இதே மாதிரி நடந்திருக்கு. மறுநாளே வண்டி எடுத்தேன். இப்படி வீட்டுக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கல. இதை அவன்கிட்ட சொல்லுங்க."

ஹெல்மெட்டை மாட்டப் போனவர் கையைத் தாழ்த்தினார். "உங்க வண்டிக்கு முன்னால வந்தவரு என்ன கலர் சட்டை போட்டிருந்தாரு?"

"நீலம்." கேள்வி முடியுமுன் பதில் வந்துவிட்டது. "கட்டம் போட்டது. ஒரு கையை மட்டும் மடிச்சு விட்டிருந்தாரு."

என் மனைவி ஈரக்கையோடு சமையலறை வாசலில் நின்றாள். அவளும் இதைக் கேட்டதில்லை. மேலே நடை நின்றிருந்தது. நிமிர்ந்தேன். பாதிப் படியில் மகன் நின்றிருந்தான்.

"எந்த இடத்துலப்பா?"

"பாலத்துக்கு முன்னாடி, அந்த வளைவு."

அவன் என்னையே பார்த்தான். "அந்த வளைவு பூரா ஹாரன்ல இருந்து கையை எடுக்காதேன்னு சொல்லிக் குடுத்தீங்க. நானும் இத்தனை வருஷமா அடிச்சுக்கிட்டே போறேன். ஏன்னு சொல்லவே இல்லையே."

"நீ கேக்கல" என்றேன். விறைப்பாகத்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

சென்ற வாரம் ரேடியோ ஒரு செய்தி கொண்டுவந்தான். முடிவெட்டும் கடையில் பேசிக்கொள்கிறார்களாம்: பெரியவர் மகனுக்கு வேலை போய்விட்டது, புத்தி கலங்கிவிட்டது, அவனுக்காக வாராவாரம் ஒரு நர்ஸ் வருகிறார் என்று. வேலை போகவில்லை, அவன் இன்னும் வண்டி எடுக்கவில்லை, அவ்வளவுதான். புத்தி தெளிவாகவே இருக்கிறது. வாராவாரம் செவிலியர் வருவது உண்மை. மகனுக்காக மட்டும் வருகிறார் என்பது தவறு. அவன் கீழே இறங்கி வந்ததும் நான் மாடி ஏறுகிறேன்.