தார் ரோடு வரை

கணவர் ஒவிதியின் வலது காலுக்குச் செருப்பு மாட்டி முடிப்பதற்குள் அகெலோவுக்குப் பாதித் தெம்பு போய்விடும். இடது கால் தானாக நுழைந்துகொள்ளும். வலது கால் வேறு யாருடையதோ போல அவள் மடியில் கனத்துக் கிடக்கும். லாரி டயரை அறுத்துச் செய்த செருப்பு. நடக்கையில் நழுவுகிறதென்று குதிகாலைச் சுற்றி ஒரு வார் வைத்து அவளே தைத்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே தள்ளி, வாரை இழுத்துக் கட்டும்வரை ஒவிதி கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வாலிபத்திலிருந்து கரும்பு லாரி ஓட்டிய மனிதர். பிரேக் மிதித்த கால் அது.

"இறுக்கிக் கட்டாத. ஆட்டுக்கா கயிறு போடுற?"

"ஆடுன்னா மேய அதுவே போயிடும்" என்றாள் அகெலோ.

அவர் சிரித்தார். முகத்தில் பாதிதான் சிரித்தது. போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து மறுபாதி எதிலும் கலந்துகொள்வதில்லை. சொற்களும் குழைந்துபோயிருந்தன; அவளைத் தவிர மற்றவர்கள் இரண்டு தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டார்கள்.

விடியுமுன் எழுந்து மாவு பிசைவாள். மந்தாசிப் பணியாரம் சுட்டுச் சந்தைக்குக் கொண்டுபோய், சூடு ஆறுவதற்குள் விற்றுவிட்டு ஓடிவருவாள். அதன் பிறகு அவரை எழுப்பி, கழிப்பறைக்குத் தாங்கிப்போய், குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, கஞ்சி ஊட்டி, நடக்கவைக்க வேண்டும். மகள் அபியோ கல்யாணமாகித் தூர ஊரில் இருந்தாள். ஆரம்பத்தில் அகெலோ தேவாலயத்தில் அழுதிருக்கிறாள். பிறகு அழுவதற்கும் தெம்பு வேண்டியிருந்ததால் விட்டுவிட்டாள். பிரசங்கத்தின்போது தூங்கிப்போவாள், பக்கத்திலிருப்பவர்கள் எழுப்புவதில்லை.

"தூரத்தப் பாக்காதீங்கம்மா" என்று மருத்துவமனையில் கைகால் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாள். "எப்ப லாரி ஓட்டுவேன்னு கேப்பாரு. பதில் சொல்லாதீங்க. இந்த வாரம் கட்டில்லேருந்து கதவு. அதோட சரி. ஆனா ஒரு நாள்கூட விடாதீங்க."

அதோட சரி என்றுதான் ஆரம்பித்தார்கள். கட்டிலிலிருந்து கதவுக்குப் போவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. பிறகு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அங்கே தொட்டியைப் பிடித்து நின்றுகொண்டு திரும்பி வரமாட்டேன் என்று அடம்பிடித்த நாட்கள் உண்டு. தடியை வீசியெறிந்து, "என்னைச் சாக விடு" என்று கத்திய நாள் உண்டு. அவள் போய்த் தடியைப் பொறுக்கிக்கொண்டு வந்து நீட்டுவாள். ஒவ்வொரு எல்லைக்கும் அவளுக்கென்று உள்ளூர ஒரு கணக்கு இருந்தது. கழிப்பறைக்கு அவரே போய்விட்டால் சந்தையில் மத்தியானம்வரை உட்காரலாம். தானே குளித்துவிட்டால் பகலில் கொஞ்சம் கண்ணயரலாம். அவர் நடப்பது அவருக்காகவா, தன் தூக்கத்துக்காகவா என்று சில நாள் அவளுக்கே குழம்பும்.

தொட்டிக்கு அடுத்தது மாவு மில். முதல் தடவை அங்கே போய்ச் சேர்ந்தபோது மில்காரன் வெள்ளை மாவு அப்பிய முகத்தோடு வெளியே வந்தான்.

"என்ன ஒவிதி, ஃபர்ஸ்ட் கியர்லயே வர்றீங்க?"

ஒவிதி மூச்சு வாங்கி, சொல்லைத் திரட்டி, "ரிவர்ஸ் விழாம இருந்தா சரி" என்றார். மில்காரனுக்குப் புரியவில்லை. அகெலோ திருப்பிச் சொன்ன பிறகு வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்று வீடு திரும்பும்போது அவர் அவள் தோளில் குறைவாகத்தான் சாய்ந்தார்.

மறுநாள், "அடுத்தது தார் ரோடு" என்று அவராகவே சொன்னார்.

மில்லுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு மேடு இருந்தது. அகெலோ வேண்டாமென்றுதான் நினைத்தாள். ஆனால் அவராக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. லாரிகளைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று எண்ணிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிவிட்டார். அவள் சந்தையிலிருந்து வருவதற்குள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பார். சாயங்காலங்களில் வாசலில் நாற்காலி போடச்சொல்லி கிழக்கு மலைமேல் மேகம் கூடுவதைப் பார்ப்பார். "மழை எங்க நிக்குது?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். மேடு ஏறும்போது இரண்டு முறை விழுந்தார். இரண்டாம் முறை முழங்கை கிழிந்தது. துடைத்துவிட்டு, "நாளைக்கு" என்றார்.

தார் ரோட்டை அடைந்த அன்று இருவரும் பாலச்சுவரில் உட்கார்ந்தார்கள். கரும்பு லாரிகள் சோகை உதிர்த்தபடி போயின. ஓட்டுநர் ஒருவன் அடையாளம் கண்டு ஹாரனை நீளமாக அழுத்தினான். அகெலோவுக்குச் சந்தோஷம் வரவேண்டும், கால்கள்தான் வலித்தன. இனி அடுத்தது என்ன என்று கேட்க நினைத்தாள்.

மறுநாள் சந்தையிலிருந்து வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. தடியைக் காணோம். செருப்பையும் காணோம்.

"யாரு மாட்டிவிட்டது?" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டாள். எங்கே போனார் என்று கேட்பதற்கு முன் அதுதான் வாயில் வந்தது.

"அவரேதான். வாசல்ல உக்காந்து மாட்டிக்கிட்டிருந்தாரு. நான் துணி துவைச்சு முடிக்கிற வரைக்கும் மாட்டினாரு. உதவட்டுமான்னு கேட்டேன், முறைச்சாரு."

தார் ரோட்டில் மோட்டார் சைக்கிள்காரர்கள் நிற்கும் மரத்தடியில் விஷயம் தெரிந்தது. "பெரிய வீட்டுக்குப் போறேன்னாரு அண்ணி" என்றான் ஒருவன். "நம்ம ஆளு ஒருத்தன் முதுகோட சேத்துத் துணியால கட்டிக்கிட்டுப் போனான், குழந்தையக் கட்டற மாதிரி. பயப்படாதீங்க, மெதுவாத்தான் போனான்."

பெரிய வீடென்றால் ஒவிதியின் சொந்த ஊரில் மூத்த மனைவி அதோயோவின் வீடு. அகெலோ அந்த மரத்தின் வேரிலேயே உட்கார்ந்துவிட்டாள். மழை, மேகம், தார் ரோடு எல்லாம் அப்போதுதான் ஒன்றுசேர்ந்தன. விதைப்புக் காலம். அவர்கள் வழக்கப்படி, வீட்டுத் தலைவன் மூத்தவள் வீட்டில் ஒரு இரவு தங்கி, காலையில் அவள் நிலத்தில் அவளோடு முதல் விதையைப் போடாமல் அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் மண்ணில் விதை போடக் கூடாது. பிள்ளைகளும் கூடாது, மருமகள்களும் கூடாது, இளையவளான அகெலோவும் கூடாது. போன பருவத்தில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நிலம் தரிசாகக் கிடந்தது. அதோயோ அவரை ஒரே ஒரு முறை பார்க்க வந்தாள். கட்டில் அருகில் நின்று, "நல்லா இருந்தப்ப நீதான வச்சிருந்த? இப்பவும் நீயே வச்சுக்கோ" என்று அகெலோவிடம் சொல்லிவிட்டுப் போனவள்தான்.

வேன் பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். வழியெல்லாம் மற்றவர்கள் வயல்களில் சோளம் கணுக்கால் உயரத்துக்கு எழும்பியிருந்தது. ஒவிதியின் நிலம் மட்டும் உழுதபடி வெறுமனே கிடந்தது. அவர் அதோயோவின் வீட்டு வாசலில், உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செருப்பின் வார் முறுக்கிக்கொண்டு தப்பாக மாட்டியிருந்தது. பிள்ளைகள் மண்வெட்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

"சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"நானே கூட்டிட்டு வந்திருப்பேன்."

சொல்லிவிட்டாள். அது உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவிதி தரையைப் பார்த்தார். "அபியோ அம்மா, பசங்க ரெண்டு பருவம் பட்டினி கிடக்க முடியாது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்ததுபோல ஒரு சொல்லும் குழையாமல் வந்தது.

அதோயோ சமையல் குடிசையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். கிழவியாகியிருந்தாள், அகெலோவின் நினைவில் இருந்ததைவிடக் குள்ளமாக இருந்தாள்.

"வா இளையவளே. உக்காரு."

"இருட்டறதுக்குள்ள போகணும்."

"போலாம்." அதோயோ குரலைத் தாழ்த்தினாள். "ராத்திரிக்கு இவர எந்தப் பக்கமா படுக்க வைக்கணும்?"

திட்டினால் பதில் சொல்லத் தயாராகத்தான் அகெலோ வந்திருந்தாள். இதற்குத் தயாராக இல்லை.

"இடது பக்கம். புரண்டா வலது கை உடம்புக்கு அடியில மாட்டிக்காம பாத்துக்கங்க, அவருக்குத் தெரியாது. டீ ஆறவச்சுக் குடுங்க, அந்த உதட்டுல சூடும் தெரியாது. காலையில எழுந்திரிக்கறப்ப பிடிச்சு இழுக்காதீங்க. அவரே எழுந்திரிப்பாரு. நேரமாகும்."

"எவ்வளவு நேரம்?"

"ஆகும்."

அதோயோ ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். பிறகு வீட்டுக்குள் போய், ஒரு துணி முடிச்சோடு வந்தாள். விதைச் சோளம். "எங்களுது முடிஞ்சதும் ஆள் அனுப்பறேன். உன் துண்டு நிலத்துல வந்து போடு. அதுவரைக்கும் நனையாம வை."

கிளம்பும்போது அகெலோ குனிந்து, முறுக்கியிருந்த வாரைச் சரிசெய்யக் கை நீட்டினாள். ஒவிதி காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். வலது காலை.

திரும்பும் வேனில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இன்று இரவு யாரையும் திருப்பிப் படுக்க வைக்க வேண்டாம். நாளை வெந்நீர் ஒரு பானை போதும். இதற்காகத்தானே கணக்குப் போட்டாள். மடியில் விதை முடிச்சு கனத்தது. மலைப் பக்கமிருந்து மழை இறங்கி வந்து கண்ணாடியில் அறைந்தது. எல்லோரும் ஜன்னல்களைச் சாத்தினார்கள். பக்கத்தில் மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்த பெண்ணின் தோளில் அகெலோவின் தலை சாய்ந்தது. அந்தப் பெண் கோழியை மறுபக்கம் நகர்த்திக்கொண்டு அசையாமல் இருந்தாள். நடத்துநர் அகெலோவின் நிறுத்தத்தின் பெயரை ஒரு முறை சொன்னார், பிறகு இன்னொரு முறை. யாரும் எழவில்லை. வேன் அந்தப் பாலத்தைத் தாண்டி, மழைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் கைகள் மட்டும் தூக்கத்திலும் முடிச்சை விடவில்லை.