தொத்தலின் இருபத்திரண்டாவது ஆட்டம்

அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் பதினாறு வருடமாக அவர் கையில்தான் இருந்தது. அதனால் முதலாளியிலிருந்து பைண்டிங் பெண்கள் வரை எல்லோருக்கும் அவர் மாஸ்டர். காகிதக் கட்டை அடுக்கி, ஓரம் தட்டி, கத்தியை இறக்குவதற்கு முன்னால் இடது காது மடலை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொள்வார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் யோசித்ததில்லை.

அன்று காலை வந்த ஷீட்டுகள் குழந்தைகளுக்கான விளையாட்டு அட்டைகள். டிவியில் புதிதாக ஓடும் அனிமே கார்ட்டூன் தொடருக்காக அடித்தவை. ஒரு ஷீட்டில் ஐம்பத்துநான்கு அட்டை. வெட்டும் கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைசி வரிசையில் ஒரு பையன். வளையம் வளையமாக முடி, நிமிர்ந்த முகவாய், இடது காதைப் பிடித்திருக்கும் கை. கீழே பெயர்: சுருட்டை.

பள்ளிக்கூடத்தில் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இப்போது யாராவது கூப்பிட்டால் கூப்பிட்டவரைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். சுருளுவதற்குத் தலையில் ஒன்றும் பாக்கியில்லை.

பக்கத்து அட்டையைப் பார்த்தார். ‘நத்தை. பலம்: பூஜ்யம். எத்தனை அடி வாங்கினாலும் மேஜையை விட்டு இறங்காது.’ இந்த விதி அவருக்கு மனப்பாடம். ஏழாம் வகுப்பில் நோட்டு அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பிராணி வரைந்து, விதி எழுதி, ஐம்பத்திரண்டு அட்டை சேர்த்து வைத்திருந்தான் ஒருவன். எலும்பும் தோலுமாக இருப்பான், பெயர் தொத்தல்.

“என்ன மாஸ்டர், கோடு தப்பா இருக்கா?” என்றார் முதலாளி.

“இல்ல, சரியாத்தான் இருக்கு” என்றார் மாஸ்டர்.

அந்த சனிக்கிழமை சாயங்காலம் மகளோடு டிவி முன்னால் உட்கார்ந்தார். அவளுக்கு ஒன்பது வயது. மூன்று வாரமாக அந்தத் தொடர்தான் அவளுக்குச் சாப்பாடு, தண்ணீர் எல்லாம்.

“தொத்தல்தான் ஹீரோ. ஆனா தோத்துக்கிட்டே இருப்பான்” என்று அவள் விளக்கினாள். “சுருட்டை ரொம்ப மோசம். அப்பா, அவன் உங்கள மாதிரியே காதை இழுக்கிறான் பாருங்க.”

சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த மனைவி, “அட, ஆமா” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

வாராவாரம் பார்த்தார். தொத்தல் தோற்றான். ஆனால் ஒவ்வொரு தோல்வியிலும் எதையாவது பிடித்துக்கொண்டான். முதலில் கை நடுங்கியது, அட்டைகளை மேஜையில் கவிழ்த்து வைத்து ஆடப் பழகினான். ஐந்தாவது ஆட்டத்திலிருந்து தன் அட்டையை விட்டுவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். பன்னிரண்டாவதில் ஒன்றைக் கண்டுபிடித்தான்: நல்ல அட்டை கைக்கு வந்தால்தான் சுருட்டை காதை இழுப்பான். மாஸ்டர் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். தன்னைப் பற்றி முப்பத்தெட்டு வயதுவரை தனக்கே தெரியாத ஒரு சங்கதியைப் பன்னிரண்டு வயசுப் பயல் தெரிந்து வைத்திருந்திருக்கிறான்.

இருபத்திரண்டாவது ஆட்டம் மொட்டைமாடிப் படிக்கட்டில் நடந்தது. பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு, இரண்டே பேர். சுருட்டை புலி, யானை, கழுகு என்று வரிசையாக இறக்கினான். தொத்தல் நத்தையை வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். எதிராளியின் கையில் அட்டை தீர்ந்தது, நத்தை படியில் அப்படியே இருந்தது. மகள் சோபாவில் ஏறிக் குதித்தாள். அவர் அசையவில்லை. தான் தோற்ற அந்த ஆட்டம் இதுவரை உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மறுநாள் காலையில் தான் செய்ததை இத்தனை வருடமும் ‘சும்மா விளையாட்டு’ என்றே நினைத்து வைத்திருந்தார். ஏன் செய்தோம் என்பது இப்போதுதான் பிடிபட்டது.

அத்தோடு தொடருக்கு இரண்டு மாத இடைவேளை விட்டார்கள்.

இடைவேளையில் இரண்டாம் செட் அட்டைகள் அச்சுக்கு வந்தன. நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் தொடரை எடுப்பவரே வந்திருந்தார். கனத்த உடம்பு, தாடி, மூக்குக்கண்ணாடி. தொத்தல் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். முதலாளி அவரை மெஷினருகே விட்டுவிட்டுப் போனில் பேசப் போனார். மாஸ்டர் தலை நிமிராமல் கட்டை அடுக்கினார், ஓரம் தட்டினார். கை தன்பாட்டில் காதுக்குப் போனது.

“சுருட்டை?”

மாஸ்டர் மெஷினை நிறுத்தினார். நீ என்பதா, நீங்கள் என்பதா என்று தெரியவில்லை.

“என் கார்டை நீயா வெட்டுற?” என்றார் வந்தவர்.

“தொடர்ல அடுத்து... கிழிக்கிற கட்டம்தானே?” என்றார் மாஸ்டர்.

“ஆமா. காலையில நீ வந்த, என் பையிலேருந்து கார்டை எடுத்த, எல்லார் முன்னாடியும் ஒவ்வொண்ணா கிழிச்ச. அதுவரைக்கும் வரைஞ்சாச்சு. அதுக்கப்புறம் நீ வீட்டுக்குப் போய் என்ன பண்ணினன்னு எனக்குத் தெரியாது. அங்க மூணு நிமிஷம் காலியா கெடக்கு. அழவெச்சுப் பார்த்தேன். துண்டை எல்லாம் பொறுக்கி ஒட்டவெச்சுப் பார்த்தேன். எதுவும் உட்காரல. என்ன பண்ணின?”

அழுதேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகம் அதற்காகத்தான் காத்திருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“பசிச்சுது. ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். நல்லாத் தூங்கினேன்.”

“ஒண்ணுமே தோணலையா?”

“தோணல.”

“எப்பத்தான் தோணிச்சு?”

“ஆறு மாசம் முன்னாடி. முதல் செட் ஷீட்டைப் பார்த்தப்ப.”

வந்தவர் அடுக்கிவைத்த காகிதக் கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “இருபத்தஞ்சு வருஷமா உன்னை மன்னிக்கலாமா வேண்டாமான்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன்” என்றார். “நீ மன்னிப்புக் கேக்கிற வரிசையிலயே நிக்கல.”

மாஸ்டர் வாயெடுத்தார். வந்தவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“இரு. முதல்ல இதை எழுதிக்கிறேன்.” சட்டைப்பையில் தேடி ஒரு சீட்டை எடுத்தார். எழுதிக்கொண்டார். போகும்போது தன் போன் நம்பர் எழுதிய துண்டை மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

தொடர் மறுபடி ஆரம்பித்தது. சுருட்டை அட்டைகளைக் கிழித்தான். வீட்டுக்கு வந்தான், தட்டை நீட்டினான், மறுபடி நீட்டினான். வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். இசை இல்லை, பேச்சு இல்லை. மூன்று நிமிடம் குறட்டை மட்டும்.

மகள் அவர் பக்கம் திரும்பினாள். “அப்பா, இவன் எப்படித் தூங்குறான்?”

“அது நான்தாம்மா” என்றார்.

“விளையாடாதீங்கப்பா.”

அவர் சொன்னார். பள்ளிக்கூடம், படிக்கட்டு, மறுநாள் காலை, அச்சகத்தில் சந்தித்தது எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கரண்டியோடு வாசற்படியிலேயே நின்றாள். மகள் ஒன்றைத்தான் கேட்டாள்.

“முதல்ல எந்தக் கார்டைக் கிழிச்சீங்க?”

“நத்தையை.”

அவள் எழுந்தாள். தரையில் பரப்பியிருந்த தன் அட்டைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்டது. கன்னத்தில் யாரோ அறைந்தது போல அவர் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் அவள் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். தொத்தல் சுருட்டையின் வீட்டு ஜன்னல்வரை போனான், அவன் தூங்குவதைப் பார்த்தான், திரும்பி நடந்தான். இத்தனை நாளும் அவன் முகத்தைப் பார்த்துத்தான் ஆடினோம், இனிமேல் அந்த முகம் வேண்டாம் என்று முடிவு செய்தான். அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஐம்பத்திரண்டையும் மறுபடி வரைந்தான். அந்த வாரப் பகுதியின் கடைசியில் ஊர்ப் போட்டிக்குப் பெயர் கொடுத்தான்.

மகளின் கண் பளபளத்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக அவரிடம் பேசினாள். “நிஜமாவே அவர் அன்னைக்கே வரைஞ்சாரா?”

“தெரியாதும்மா. கிழிச்சதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல நான் அவன்கூடப் பேசல.”

“கேளுங்க.”

அவர் நம்பரைத் தேடிப் போட்டார். மகள் எதிரில் நின்றாள்.

“இந்த வாரம் நல்லா இருந்துச்சு” என்றார் மாஸ்டர். “என் பொண்ணு கேக்குறா. அன்னைக்கே மறுபடி வரைஞ்சியா?”

“அது டிவிக்குடா” என்றது அந்தப் பக்கத்துக் குரல். “எட்டு வருஷம் நான் பென்சிலையே தொடல.”

போனை எப்போது வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவள் சிரித்துவிடுவாள், பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

“இல்லையாம்” என்றார். “எட்டு வருஷம் வரையவே இல்லையாம்.”

அவள் உதடு அசைந்தது. மனசுக்குள் கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

“எனக்கே ஒன்பது வயசுதான் ஆகுது” என்றாள்.