தங்கை என்றொரு பிரீசெட்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு தவறான கதவு வழியாக. நாடகத்தின் இடைவேளையில் கழிப்பறை தேடிப் போனவன், விளக்குகளை இயக்கும் அறைக்குள் நுழைந்துவிட்டேன். அங்கிருந்த லைட்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உக்காருங்க, எதையும் தொட்டுடாதீங்க" என்றார். உட்கார்ந்தேன். அவர் சொன்னது இதில் பாதி. மீதியை நான் சேர்த்தேன் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன்.

2

(முதல் தொடக்கம்: "இருட்டில் ஒரு வெளிச்ச வட்டம் யாரையோ..." வேண்டாம். இருட்டில் தொடங்கும் பேய்க்கதைகள் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கின்றன. வெயில் நேரத்திலேயே தொடங்குகிறேன்.)

பிற்பகல் ஒத்திகை. லைட்காரர், விளக்குகளை இயக்கும் கன்சோல் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. அதைத் தொழில் சுத்தம் என்று சொல்லிக்கொள்வார். இந்த நாடகத்தில் நாயகி எதற்கெடுத்தாலும் ஜன்னலோரம் வந்து நின்றுவிடுவாள். ஒவ்வொரு முறையும் விளக்குகளைத் திருப்பிக் குறிவைத்துக்கொண்டிருந்தால் வேலை முடிந்த மாதிரிதான். அதனால் ஒரே ஒருமுறை நடிகையை அங்கே நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அவள் முகத்துக்குத் திருப்பி, அந்தத் திசையை ஒரு பிரீசெட்டாகப் பதிந்து, பெயர் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு காட்சிகள் திசையை நினைவில் வைப்பதில்லை, பெயரை மட்டும் வைத்திருக்கும். பிரீசெட்டை மாற்றினால் எல்லாக் காட்சிகளும் தாமாக மாறிக்கொள்ளும்.

வைத்த பெயர் "தங்கை". அன்று நாயகியாக அங்கே நின்றவள் அவருடைய சொந்தத் தங்கை.

"அண்ணா, கண்ணு கூசுது. சீக்கிரம் முடியேன்."

"ஆடாம நில்லு. ஒரு தடவ நின்னா போதும். அப்புறம் நீ எப்ப வந்தாலும் லைட்டு உன்னைக் கண்டுபிடிச்சுக்கும்."

அந்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. அவள் திரும்பி வரவில்லை.

3

புது நடிகை நல்லவள், ஆனால் உயரம் குறைவு. ஒத்திகையில் அவள் ஜன்னலோரம் வந்து நின்றாள். வெளிச்ச வட்டம் அவள் தலைக்கு மேலே, பின்திரையில் போய் விழுந்தது.

"தம்பி, முகம் இருட்டா இருக்கு" என்றார் கீழே உட்கார்ந்திருந்த இயக்குநர் அம்மா. குரலைத் தணித்துக்கொண்டு, "மாத்தித்தானே ஆகணும்" என்றார்.

மறுநாள் நாடகம். மாற்ற ஒரு பொத்தான்தான். ஆனால் தங்கையின் துணிகளைக் கொடுத்தாயிற்று, அவள் போன் நம்பரில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். அவள் முகம் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று தெரிந்தது இந்த ஒரு பெட்டிக்குத்தான்.

(நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்டேன். "வைக்கலாம் சார். ஆனா அது யாரும் கூப்பிடாத பேரு. எந்தக் காட்சியும் அதத் தேடி வராது" என்றார்.)

புதியவள் முகத்துக்கு விளக்குகளை இறக்கினார். அழுத்தினார்.

4

எல்லாக் காட்சிகளையும் ஓட்டிப் பார்த்தார். சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைகள் மாதிரி விளக்குகள் புது முகத்தில் வந்து நின்றன. கடைசிக் காட்சியில் நாயகி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஜன்னலில் யாரும் இல்லை, வெறும் வெளிச்சம். அதில் மட்டும் விளக்குகள் மெல்ல மேலேறி, பழைய உயரத்தில் நின்றன.

அந்தக் காட்சியைத் திறந்து பார்த்தார். அதில் இருந்தது பெயர்தான். பெயருக்குள் இருந்தது புது இடம்தான்.

மேடையிலிருந்து புது நடிகை, "சார், ஜன்னல்ல யாராவது நிக்கணுமா? நான் தள்ளி உக்காரட்டுமா?" என்றாள்.

"ஏன் கேக்கறீங்க?"

"இல்ல... கண்ணு கூசுதுன்னு யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு."

5

முடிவு, முதல் வகை: ஏதோ ஒரு விளக்கின் திருகு தளர்ந்திருந்தது. (எல்லா விளக்கும் ஒன்றாகவா? நானே நம்பவில்லை.)

முடிவு, இரண்டாம் வகை: அவர் மறுபடி அழுத்தினார், விளக்குகள் மெல்லத் தலைகுனிந்து

இல்லை. எழுத வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். இடைவேளை முடிந்து மணி அடித்தது. கடைசிக் காட்சிக்கு நான் இருக்கவில்லை. பஸ்ஸைக் காரணம் சொல்லிக் கிளம்பிவிட்டேன். நேற்று இந்தக் கதையைப் போனில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் பகுதியில் தங்கை பேசும் வசனமும், நாலாம் பகுதியில் நடிகை சொல்லும் பதிலும் என் கற்பனை. நடிகை யாராவது நிற்கணுமா என்று கேட்டாள் என்பதோடு அவர் நிறுத்தியிருந்தார்.

வாசித்து முடித்ததும் அவர் கேட்டார்:

"கண்ணு கூசுதுன்னு என் தங்கச்சி சொன்னது உங்களுக்கு யாரு சொன்னா?"

"நானா எழுதினது சார்."

"அவ அதச் சொன்னப்ப எங்க ரெண்டு பேரத் தவிர அங்க யாரும் இல்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "கடைசிக் காட்சி லைட்டு இன்னும் அந்தப் பழைய உயரத்துலதான் நிக்குது. இன்னொரு தடவ அழுத்தினா போயிடும்னு தோணுது. அழுத்தவா?" என்றார்.

6

அதை அவர் கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை.

திரும்பிப் பாருங்கள், அந்தத் தங்கையின் முகத்தை நான் எங்குமே எழுதவில்லை. ஆனாலும் இவ்வளவு நேரமாக ஜன்னலோரத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள். அந்தச் சொல்லுக்குள் ஒரு முகத்தைப் பதிந்தது நீங்கள்தான். யாருடையது என்று நான் கேட்கப் போவதில்லை.

அவர் பொத்தானில் விரலை வைத்தபடி காத்திருக்கிறார். அழுத்தட்டுமா, வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவளுக்குக் கண் கூசுகிறது.