கதவோர இருக்கை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் ஸ்கூட்டர் சீட்டு கிழிந்ததால்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. தைக்கக் கொடுக்கப் போன பட்டறையில் கூரையே இல்லாத ஒரு பழைய கார் நின்றுகொண்டிருந்தது. கடற்கரையோரம் காற்று வாங்கிக்கொண்டு போவதற்கென்றே ஒரு காலத்தில் செய்த வண்டி. இடுப்பளவுக்கு நாலு கதவுகள், கோடு போட்ட கித்தான் இருக்கைகள், புது பெயிண்ட் வாசனை. பின்னிருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்து, கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தாள். சாத்தும்போதெல்லாம் குனிந்து காது கொடுத்துக் கேட்டாள். என்னைக் கண்டதும் சட்டென்று இறங்கி, "சீட்டுதானே? வச்சுட்டுப் போங்க" என்றாள்.

நான் கண்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

'கடலின் உப்பு தின்று தீர்த்த அந்த இரும்பின்...' (வேண்டாம். நான் அழகாக எழுத ஆரம்பித்தால் எதையோ மறைக்கிறேன் என்று அர்த்தம்.)

'அவள் அண்ணன் நல்லவன்தான், ஆனால்' (இந்த 'ஆனால்' இப்போதே வந்துவிட்டால் அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது?)

'காரை வாங்க ஆள் வருகிற அன்று காலை, தையல்காரிக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.' பரவாயில்லை. முதல் வரியாக இது இருக்கட்டும்.

3

காரை வாங்க ஆள் வருகிற அன்று காலை, தையல்காரிக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

பட்டறை அவள் அண்ணனுடையது. டிங்கர் வேலை, நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துவதில் மன்னன். புருஷன் வீடு இனி ஆகாது என்று அவள் ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்றபோது, சொந்தபந்தமெல்லாம் ஆளுக்கொரு புத்தி சொன்னது. அண்ணன் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். பட்டறையில் வெளிச்சம் நன்றாக விழும் மூலையைக் காலி செய்து, அவள் தையல் மெஷினைத் தூக்கி வந்து போட்டான். அப்படிப்பட்டவனை எதிர்த்துப் பேச அவளுக்கு எங்கிருந்து வாய் வரும்?

இந்தக் காரை அவன் துருப்பிடித்த கூடாக வாங்கிவந்தான். கூரை இல்லாத வண்டிக்குக் கதவுகளின் கீழே ஓடும் இரும்புச் சட்டம்தான் முதுகெலும்பு. அதுவே அரித்துப்போயிருந்ததால் வெட்டி எடுத்துப் புதிது வைக்கவேண்டும். வெட்டுவதற்கு முன்னால் கதவு இருந்த இடத்தில், குறுக்கே ஒரு குழாயைப் பற்றவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அண்ணனுக்குத் தெரியாததா? பற்றவைத்துவிட்டுத்தான் வெட்டினான்.

அந்தக் குழாய் இருந்தவரை இருக்கையை உள்ளே வைத்து அவளால் அளவு பார்க்க முடியவில்லை.

"அண்ணா, இந்தக் குழாய் ரொம்ப இடைஞ்சலா இருக்கு."

"எடுத்துடவா?"

"எடுக்கலாமா?"

"நீ அளவெடுக்கிற வரைக்கும்தானே? ஒண்ணும் ஆகாது."

வேறு யாராவது கேட்டிருந்தால் ஸ்பானர் பறந்திருக்கும். கேட்டது தங்கச்சி. அறுத்துக் கொடுத்தான். வண்டி விரல் அகலம் தொய்ந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தத் தொய்வோடேயே புதுச் சட்டத்தைப் பற்றவைத்து பெயிண்டும் அடித்துவிட்டான். கதவை மாட்டும்போதுதான் பூட்டு பொருந்தவில்லை. ஓரத்தை அரத்தால் ராவினான், பூட்டை இடம் மாற்றினான், ஒருவழியாகப் பொருத்தினான்.

சாத்தினால் 'டப்' என்று மணியான சத்தம். ஆனால் பின்னால் பாரம் ஏறி, வண்டி ஒரு திருப்பம் திரும்பினால் பின்கதவு தானாகத் திறந்துகொள்ளும். ஒருமுறை அவள் பின்னால் உட்கார்ந்து போனபோது திறந்தது. முன்சீட்டை இறுகப் பிடித்ததால் பிழைத்தாள். அண்ணன் மறுபடி பூட்டை நகர்த்திவிட்டு, "சரியாயிடுச்சு" என்றான். அதற்குப் பிறகு பின்னால் ஆளை ஏற்றி ஓட்டிப் பார்க்கவே இல்லை.

4

இந்த அண்ணன்மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. முதல் வரைவில் அவனைப் பேராசைக்காரனாக எழுதி, தோதாக ஒரு மீசையும் வைத்தேன். நிற்கவில்லை. பேராசைக்காரன் தங்கச்சிக்காகக் குழாயை அறுப்பானா? யோசிக்க யோசிக்க வேறு ஒன்று தெரிந்தது. 'உன்னாலதான்' என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சட்டத்தை மறுபடி வெட்டினால் அந்தப் பேச்சு வந்தே தீரும். அதற்குப் பயந்துதான் பெயிண்டுக்குமேல் பெயிண்ட் அடிக்கிறான். பாசம்தான். அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

(முதல் வரைவில் ஓர் அம்மாவும் இருந்தாள். இரண்டு பேரையும் ஓர் அதட்டு அதட்டி, வண்டியை மறுபடி வெட்டவைத்திருப்பாள். கதை எழுத இடைஞ்சலாக இருக்கிறாளே என்று எடுத்துவிட்டேன். ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன்.)

5

வாங்க வந்தவர் பல் டாக்டர். எதைப் பார்த்தாலும் நகத்தால் தட்டிப் பார்க்கும் பழக்கம். பானெட்டைத் தட்டினார், விளக்கைத் தட்டினார், பின்கதவைத் திறந்து சாத்தினார்.

"ஆஹா, சத்தத்தக் கேட்டீங்களா! இந்தக் காலத்து வண்டியில இதெல்லாம் எங்க?"

கூடவே அவர் மகள். முன்பல் விழுந்த வயது. முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி.

"நான் பின்னாடி! கதவோரம்!" என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு ரவுண்டு போலாமா?" என்றார் டாக்டர்.

"பெயிண்ட் இன்னும் சரியா காயலைங்க. ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன், போதுமே" என்றான் அண்ணன்.

"ஓட்டிப் பாக்காம எப்படிங்க வாங்கறது? நீங்களே ஓட்டுங்க."

தையல்காரி அண்ணனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல், ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

6

என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

அ. அவள் சொல்லிவிடுகிறாள். டாக்டர் மகளை இறக்கிக்கொண்டு போய்விடுகிறார். அண்ணன் கோபப்படவில்லை. தினமும் "சாப்டியா?" என்று கேட்கிறான். அதற்குமேல் அவளிடம் பேச்சே கிடையாது. அவள் மூலையில் வெளிச்சம் மட்டும் எப்போதும்போல விழுகிறது.

ஆ. அவள் சொல்லவில்லை. கார் போகிறது. டாக்டர் நிதானமாக ஓட்டுகிறவர், ஒன்றும் ஆவதில்லை. ஆனால் எந்தத் தெருவில் எந்த வண்டியின் கதவு சாத்தப்பட்டாலும் இவளுக்கு (இதற்குமேல் வேண்டாம். நிறுத்திக்கொள்கிறேன்.)

இ. முதல் திருப்பத்திலேயே

இல்லை. எழுத மாட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டதே நான்தான்.

7

நான் இப்படி முழித்துக்கொண்டிருக்கும்போது, தையல்காரி போய்ப் பின்கதவைத் திறந்தாள். "கொஞ்சம் தள்ளிக்கோ கண்ணு" என்று பிள்ளையை நடுவே நகர்த்திவிட்டு, தான் கதவோரம் உட்கார்ந்து சாத்தினாள். டப்.

"நீ எதுக்கு ஏறுற? சீட்டு அழுக்காயிடும்" என்றான் அண்ணன்.

"நான் தச்ச சீட்டுதானே? ஆகட்டும்."

"எறங்குன்னா எறங்கு."

"சரியாயிடுச்சுன்னு நீதானே சொன்ன? ஓட்டு அண்ணா."

டாக்டர் சிரித்துக்கொண்டே முன்னால் ஏறினார். வண்டி கிளம்பியது. அண்ணன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். போன தடவை மாதிரி அவள் முன்சீட்டைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் பிள்ளையை அணைத்துக்கொண்டு, கதவில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரு நேராகப் போகிறது. கோடியில் ஒரே ஒரு திருப்பம். அதற்கு முன் நிறுத்தினால் டாக்டர் ஏன் என்று கேட்பார். அவன்தான் வாய் திறந்து சொல்லவேண்டும். சொல்லும்போது குழாயைப் பற்றியும் சொல்லவேண்டும். நிறுத்தாவிட்டால், எனக்குத் தெரியாது. பூட்டு இந்தத் தடவை பிடித்தாலும் பிடிக்கும்.

நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். கோழை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வண்டியில் ஓர் இடம் காலியாகத்தான் வைத்திருக்கிறேன். ஸ்டியரிங் பிடிக்கிற இடம், அண்ணனின் இடம். பிரேக்கில் கால் எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காருங்கள். கண்ணாடியில் உங்கள் தங்கச்சி தெரிகிறாள். தெரு முடியப் போகிறது.